மகளைப் பாட்டு வகுப்பில் சேர்த்தாச்சு, நாங்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? (சுருதி, தாளம், ராகம், வாத்தியம்)

பெருந்துறை_மல்லிகை எழுதியது:

வணக்கம்ங்க. எட்டு வயது மகளை ஈரோட்டில் வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்த்திருக்கிறோம். எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் முறையாகப் பாட்டுப் படித்தவர்கள் யாரும் இல்லை. அவள் வீட்டுக்கு வந்து சரளி வரிசை பாடும்போது சரியாகப் பாடுகிறாளா என்று சொல்லக்கூட எங்களுக்குத் தெரியவில்லை. டீச்சரிடம் அடிக்கடி கேட்கத் தயக்கமாக இருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

அவளுக்கு அஞ்சு கட்டை சுருதி என்கிறார்கள். அது என்ன கணக்கு? மாதக்கணக்கில் ஒரே ராகத்தில் மேலும் கீழும் பாடிக்கொண்டிருக்கிறாள், அது ஏன்? வீட்டில் பழக ஒரு கீபோர்டு வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர், வாங்கலாமா? மாமனாருக்குப் பேத்தி ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்க வேண்டும் என்று ஆசை. கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானி, தமிழிசை, கிராமிய இசை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவையெல்லாம் அடிப்படையில் ஒன்றா, வேறு வேறா? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொடுமுடி_வாசகர் எழுதியது:

நல்ல கேள்விகள் அம்மிணி. பெற்றவர்கள் இதைக் கேட்பதே பிள்ளைக்குப் பாதிப் பாடம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் சுருதி. பாடுகிறவர் தன் குரலுக்கு வசதியான ஓர் உயரத்தை ஆதாரமாக வைத்துக்கொள்கிறார். அதுதான் அவருடைய 'ச'. மற்ற ஸ்வரங்கள் எல்லாம் அந்த 'ச'வில் இருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்துத்தான் நிற்கின்றன. நம் இசையில் 'ச' எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தில் இல்லை. என் 'ச' வேறு, உங்கள் மகளின் 'ச' வேறு. கட்டைக் கணக்கு ஹார்மோனியத்தில் இருந்து வந்தது. அதில் வரிசையாக இருக்கும் வெள்ளைக் கட்டைகளில் மேற்கத்தியர் 'சி' என்று சொல்லும் முதல் கட்டை ஒன்று, அடுத்தது இரண்டு. நடுவில் வரும் கறுப்புக் கட்டை ஒன்றரை. அப்படியே போனால் 'ஜி' ஐந்தாம் கட்டை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள்ளும், பெண்களும் குழந்தைகளும் நாலரையிலிருந்து ஆறு கட்டைக்குள்ளும் பாடுவார்கள். ஆக, உங்கள் மகளுக்கு ஐந்து கட்டை என்பது வழக்கமான அளவுதான். வளர வளர இது மாறும். போட்டிக்காக யாராவது கட்டையை ஏற்றிப் பாடச் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள், தொண்டை கெட்டுவிடும்.

அந்த ஆதார ஒலி பாடி முடிக்கும் வரை பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் தம்புரா. கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு எப்படியோ பாடுகிறவருக்குச் சுருதி அப்படி. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சுவர் நேராக எழும். தம்புராவில் நான்கு தந்திகள், பொதுவாக ப, ச, ச, கீழ் ச. இப்போது கைபேசியிலேயே தம்புராச் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து கட்டையில் வைத்துவிட்டு, காலையில் அவள் வெறும் 'ச' மட்டும் நீட்டிப் பாடட்டும். குரல் தம்புராவோடு சேர்ந்த அந்த நொடியில், இரண்டு ஒலி கேட்ட இடத்தில் ஒன்றுதான் கேட்கும். அதை உணர உங்களுக்குச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. சேர்ந்ததா, விலகி உரசுகிறதா என்பதை உங்கள் காதே சொல்லிவிடும்.

கீபோர்டு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்வர இடத்தைச் சரிபார்க்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நம் ராகங்கள் ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதில்தான் உயிர் பெறுகின்றன. அந்த அசைவுதான் கமகம். தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது 'க', ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்திப் பாடினால் தோடியே இல்லை. கட்டையை அழுத்தினால் ஒரே இடத்தில் நிற்கும் கருவி அந்த ஆட்டத்தைக் குழந்தையின் காதுக்குக் காட்டாது.

இனி அந்த ஒரே ராகம். அது மாயாமாளவகௌளை. 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 16ஆம் நூற்றாண்டிலும் வாழ்ந்த புரந்தரதாசர்தான் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று இந்தப் பாட முறையை அமைத்தவர் என்பது மரபு. ஏன் இந்த ராகம் என்றால், இதன் முன்பாதியும் பின்பாதியும் ஒரே அச்சு. ச‑வுக்கும் ரி‑க்கும் இடையே சின்ன இடைவெளி, ரி‑யிலிருந்து க‑வுக்குப் பெரிய தாவல், க‑விலிருந்து ம‑வுக்கு மறுபடி சின்ன இடைவெளி. ப, த, நி, மேல் ச என்று போனாலும் அதே அமைப்புதான். ஒன்றைப் பிடித்துவிட்டால் இன்னொன்று கைக்கு வந்துவிடும். நெருங்கி நிற்கும் ஸ்வரமும் தள்ளி நிற்கும் ஸ்வரமும் ஒரே பாடத்தில் பழகிவிடுகின்றன. மாதக்கணக்கில் இதைப் பாடுகிறாள் என்றால் டீச்சர் அடித்தளம் போடுகிறார் என்று அர்த்தம். அவசரப்படுத்தாதீர்கள்.

தாளம், ராகக் கணக்கு பற்றி இன்று மாலை எழுதுகிறேன்.

அவிநாசி_தேர் எழுதியது:

ஐயா சொன்ன தம்புராப் பயிற்சி ரொம்ப முக்கியம்ங்க. என் தங்கை மகளுக்கு அது ஒன்றை மட்டும்தான் வீட்டில் செய்தோம். வகுப்பில் மற்ற பிள்ளைகள் பாடும்போது யார் சுருதி விலகினாலும் இப்போது அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

கோவை_தந்தி எழுதியது:

நான் கோவையில் சிதார் கற்றுக்கொண்டிருக்கிறேன். இந்துஸ்தானி பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஏழு ஸ்வரம், அவை நிற்கும் பன்னிரண்டு இடங்கள் (ஸ்தானம்), ராகம், தாளம் என்ற அடித்தளம் இரண்டுக்கும் பொது. கட்டடம்தான் வேறு. நம் பக்கம் கீர்த்தனைதான் கச்சேரியின் நடுத்தூண். அங்கே கயால் என்ற பாட்டு வகையைப் பாடும்போது பாட்டு இரண்டு நான்கு வரிதான் இருக்கும், ராகத்தை மெல்ல மெல்ல விரிப்பதுதான் முழு வேலையும். ராகத்துக்கு நேரமும் உண்டு. காலை ராகத்தை இரவில் வாசிக்க என் குரு சம்மதிக்கவே மாட்டார். இங்கே வேங்கடமகி வழியில் 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) என்றால், அங்கே பாத்கண்டே (1860–1936) பத்து தாட்டுகளாக ராகங்களை வகைப்படுத்தினார்.

பல ராகங்கள் இரண்டு பக்கமும் ஒரே ஸ்வரங்களோடு இருக்கின்றன, பெயர்தான் மாறும். நம் மோகனம் அங்கே பூப். இந்தோளம் அங்கே மால்கௌன்ஸ். கல்யாணி அங்கே யமன். உங்கள் மகள் பாடும் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள்தான் அங்கே பைரவ். ஆனால் ஸ்வரம் ஒன்று என்பதற்காக ராகமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பூப்பைக் கேட்டுவிட்டு மோகனத்தைக் கேளுங்கள், நடையும் அசைவும் வேறாக இருக்கும்.

சிதாரில் மெட்டுகள், அதாவது தந்தியை அழுத்திப் பிடிக்கும் குறுக்குப் பட்டைகள், வளைந்த உலோகக் கம்பிகள், ராகத்துக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம். நம் வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்து நிலையாக நிற்கும். சரோடில் மெட்டே கிடையாது. தாளத்துக்குத் தபலா. வலது கைப்பக்கம் மரம், இடதுபக்கம் உலோகக் குடம்.

கிராமிய இசை பற்றி என் கருத்து: கேட்கலாம், ரசிக்கலாம். ஆனால் அதில் இலக்கணம் என்று ஒன்று வகுக்கப்படவில்லை. குழந்தைக்கு அடிப்படை வேண்டுமென்றால் சாஸ்திரிய இசையில் கவனத்தை வைப்பதே நல்லது.

சென்னிமலை_தறி எழுதியது:

தந்தி சார், சிதார் பற்றி எழுதியது எல்லாம் அருமை. கடைசிப் பத்தியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அறச்சலூர். அங்கே நாகமலைக் குன்றில் இயற்கையான குகைத்தளம் ஒன்று இருக்கிறது. அதில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் தாளச் சொற்கட்டு வெட்டியிருக்கிறார்கள். வரிக்கு ஐந்து எழுத்து, ஐந்து வரி. 'த தை தா தை த' என்று முதல் வரி தொடங்கும். இடமிருந்து வலம் படித்தாலும் வலமிருந்து இடம் படித்தாலும், மேலிருந்து கீழே வந்தாலும் கீழிருந்து மேலே போனாலும் அதே சொற்கள்தான் வரும். இதை அமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் இருக்கிறது. மணிக்கல்லைச் சோதித்துத் தரம் பார்க்கிற தொழில்காரர். நொய்யல் கரையில் கொடுமணலில் மணி செய்யும் தொழில் கொழித்த காலத்தை ஒட்டிய கல்வெட்டு இது. அதன் காலத்தை கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்றும் 4ஆம் நூற்றாண்டு என்றும் அறிஞர்கள் கணிக்கிறார்கள். புரந்தரதாசருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்னால், ஒரு கொங்குநாட்டுக் குன்றில், ஒரு மணி வியாபாரத்து மனிதர் ஆடலுக்கும் தாளத்துக்கும் உரிய சொற்களைக் கட்டம் போட்டு அடுக்கியிருக்கிறார். இலக்கணம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது உடுக்கை. அண்ணன்மார் கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை, பாடுகிறவரை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? இடைசுருங்கிய அந்தச் சின்னக் கருவியின் நடுக் கயிற்றைக் கையால் இறுக்கினால் ஒலி மேலே ஏறும், தளர்த்தினால் கீழே இறங்கும். பாடகர் கதையில் அந்த அண்ணன்மாரின் தந்தை குன்னுடையார் அழுகிற இடத்தில் உடுக்கையும் குழைந்து இறங்கும், போர் வரும்போது முடுக்கிக்கொண்டு ஏறும். வசனம், பாட்டு, மறுபடி வசனம் என்று மாறும்போது பின்பாட்டுக்காரர் எங்கே எடுக்க வேண்டும் என்பது அரைநொடி பிசகாது. 1960களில் காங்கயம் பக்கம் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர் இந்தக் கதையை முழுதாக ஒலிப்பதிவு செய்து வைத்தார். வெளியிலிருந்து வந்தவருக்கு அதன் கட்டுமானம் தெரிந்திருக்கிறது. நாம்தான் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

எழுதி வைக்காத இலக்கணமும் இலக்கணம்தான். அது பாடுகிறவர் கையிலும் காதிலும் இருக்கிறது.

கோவை_தந்தி எழுதியது:

அறச்சலூர்ச் செய்தி மிகவும் பயனுள்ளது, நேரில் போய்ப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. ராகத்தை வரையறுத்து, மேளம் போட்டு, அடுத்த தலைமுறைக்குப் பாடமாகக் கொடுக்கும் முறை கிராமிய இசையில் எங்கே? ஒரு கலைஞர் போனால் அவரோடு எல்லாம் போய்விடுகிறதே.

சென்னிமலை_தறி எழுதியது:

போவதற்குக் காரணம் இலக்கணம் இல்லாததா, கற்கிறவர்களை நாம் மதிக்காததா என்று யோசியுங்கள். துடும்பு, ஜமாப், பறை, பம்பை அடிக்கிறவர் வீட்டுப் பையன் அதைத் தொடக் கூச்சப்படும்படி ஊர் செய்து வைத்தது. பறையைச் சாவு மேளம் என்று ஒதுக்கி வைத்ததும் நாம்தான். இப்போது கல்லூரிப் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் உட்பட, பறை கற்கிறார்கள். வள்ளி கும்மியை ஊர் ஊராகப் பழகுகிறார்கள். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியின் வள்ளி கும்மிக் கலைஞர் பத்திரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆளும் கற்க மரியாதையும் இருந்தால் அது போகாது.

கோபி_சீவாளி எழுதியது:

இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது எங்கள் வாத்தியம். அதனால் நானும் சொல்கிறேன். தாத்தா, அப்பா இருவரும் நாதஸ்வரம். நான் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் திருவிழாக் காலத்தில் வாசிப்பேன்.

நாதஸ்வரம் கோயிலிலும் வீதியிலும் கல்யாண வீட்டிலும் வாசிக்கிற வாத்தியம், அதேநேரம் தோடியை ஒரு மணி நேரம் விரிக்கிற வாத்தியம். உடம்பு ஆச்சா மரம். கீழே அகன்ற பகுதி அணசு. மேலே வாய் வைக்கிற இடத்தில் சீவாளி, அதைக் கெண்டை என்ற சின்னக் குழாயில் செருகுவோம். சீவாளி காவிரிக்கரை நாணலில் செய்வது. அதை வேக வைத்து, காய வைத்து, கட்டிப் பதப்படுத்த நாளாகும். கச்சேரிக்குக் கொத்தாகச் சீவாளி கட்டி வாத்தியத்திலேயே தொங்க விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தச் சீவாளி அன்றைக்கு ஒத்துழைக்கும் என்பது வெயில், ஈரம் எல்லாவற்றையும் பொறுத்தது. விரல் வைக்க ஏழு துளைகள். கீழே இன்னும் ஐந்து துளைகள் இருக்கும், அவை விரலுக்கு அல்ல. துளையைப் பாதி மூடுவது, உதட்டின் அழுத்தம், மூச்சின் வேகம் இந்த மூன்றும் சேர்ந்துதான் கமகம். மெட்டும் கிடையாது, கட்டையும் கிடையாது. காது ஒன்றே வழிகாட்டி.

முன்பு திமிரி என்ற சின்ன நாதஸ்வரம்தான் அதிகம். அது உச்ச சுருதி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் நீளமான பாரி நாதஸ்வரம் நிலைபெற்றது. சுருதி இறங்கியது, நாதம் கனத்தது. நம் பக்கத்துக்கு வந்தால் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். அவருடைய ஒலிப்பதிவுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, மகளுக்குக் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள். மூச்சு எங்கே விடுகிறார் என்றே தெரியாது.

தவில் ஒரே பலாமரக் கட்டையைக் குடைந்து செய்வது. வலக்கை விரல்களில் கூடு மாட்டி அடிப்போம். துணியையும் மாவுப் பசையையும் சுற்றிக் கல்லுப் போல இறுகச் செய்த தொப்பிகள் அவை. இடக்கையில் பூவரசங்குச்சி. மிருதங்கமும் பலாதான், ஆனால் குச்சி கிடையாது. அதன் வலந்தலையில் கரணை என்று கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் படிய வைப்பது. அதனால்தான் மிருதங்கத்தில் சுருதி சேர்க்க முடிகிறது. இடப்பக்கத்தில் ரவையைப் பிசைந்து ஒட்டினால் 'தொம்' என்று கீழ் நாதம் வரும், கச்சேரி முடிந்ததும் அதை எடுத்துவிடுவார்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒரு மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் கல்யாணி ஆலாபனை தொடங்கினேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்கள். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் கெட்டிமேளம் வேண்டுமாம். நாங்கள் கேட்பது காசு அல்ல. பத்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள், அது போதும். உங்கள் மகள் பாட்டுப் படிக்கிறாள் என்றால், அடுத்த கல்யாணத்தில் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் அவளை உட்கார வையுங்கள். வகுப்பில் சொல்லித்தர முடியாதது அங்கே கிடைக்கும்.

கொடுமுடி_வாசகர் எழுதியது:

தம்பி சீவாளி எழுதியதைப் பேத்திக்குப் படித்துக் காட்டினேன். நன்றி.

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். ராகக் கணக்கு பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சின்னது. ச, ப இரண்டும் மாறாதவை. ரி‑யும் க‑வும் சேர்ந்து வரக்கூடிய விதங்கள் ஆறு. த‑வும் நி‑யும் சேர்ந்து வரக்கூடிய விதங்கள் ஆறு. ஆறையும் ஆறையும் பெருக்கினால் 36. மத்திமம், அதாவது 'ம', இரண்டு வகை, அதனால் 72 மேளங்கள், அதாவது தாய் ராகங்கள். இந்த அடைப்பை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்தார். அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்த ராகங்கள் கொஞ்சம்தான். மீதி எல்லாம் கணக்கில் பிறந்து, பிற்பாடு பாடகர்கள் உயிர் கொடுத்தவை. மேளத்தின் பெயரிலேயே எண் ஒளிந்திருக்கும். எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்த கணக்குப்படி மாயாமாளவகௌளை என்பதில் 'மா' ஐந்து, 'யா' ஒன்று, திருப்பிப் போட்டால் 15. அது 15ஆவது மேளம். ஹரிகாம்போஜி 28. சங்கராபரணம் 29. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது விளையாட்டாகவே இருக்கும்.

தாளம்: துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்று ஏழு. ஒரு தட்டும் விரல் எண்ணிக்கையும் சேர்ந்த பகுதிக்கு லகு என்று பெயர், அதன் எண்ணிக்கை 3, 4, 5, 7, 9 என ஐந்து வகையாக மாறுவதால் மொத்தம் 35. அன்றாடம் புழங்குவது சிலதான். மகள் போடும் ஆதிதாளம் நான்கு, இரண்டு, இரண்டு என எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. நீங்களும் அவளோடு போடுங்கள். வாய் வேகமெடுத்தாலும் கை வேகமெடுக்கக் கூடாது, முதல் பாடம் அதுதான்.

தமிழிசை வேறா என்று கேட்டீர்கள். சிலப்பதிகாரத்தில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களுக்கும் பெயர் இருக்கிறது. குரல் என்ற ஆதார சுரத்தை இடம் மாற்றிப் பாடினால் ஒரு பாலையிலிருந்து (சுர வரிசையிலிருந்து) இன்னொரு பாலை பிறக்கும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. தேவாரத்துக்குப் பண், அதாவது பழந்தமிழ் ராகம், உண்டு. எங்கள் கொடுமுடியில் சுந்தரர் பாடிய நமச்சிவாயப் பதிகம் பழம்பஞ்சுரம், அதை ஓதுவார்கள் இப்போது சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். அவிநாசிப் பதிகத்தின் பண் குறிஞ்சி, அது ஹரிகாம்போஜியில் வரும். கொங்கு ஏழு தலங்களில் இரண்டில் காலைப் பூசை நேரத்தில் போய் நின்றாலே இரண்டு பெரிய ராகங்களின் வாசனை காதில் ஏறிவிடும். கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மாவுக்கு அந்த வெண்கலக் குரலோடு தமிழ்ப் பாட்டில் ஒரு எழுத்தும் மறையாமல் வந்ததற்கு இந்த மண்ணின் பதிகங்களுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

தந்திக்கும் தறிக்கும் நடந்த வாதத்துக்கு நான் காட்டுவது பெரியசாமித் தூரன் அவர்களை. 1908இல் மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமை ஆசிரியர். இன்றும் சபாக்களில் பாடப்படும் தமிழ்க் கீர்த்தனைகளை இயற்றியவர். அவரேதான் ஊர் ஊராக நாட்டுப்பாடல்களைக் கேட்டுத் தொகுத்து நூலாக்கியவர். ஒரே மனிதர் இரண்டையும் செய்தார். தாலாட்டையும் தெம்மாங்கையும் கேட்ட காதுதான் கீர்த்தனைக்கும் சொல் தேர்ந்தது. அதனால் தந்தி, குழந்தையை ஒரு பக்கம் மட்டும் நிறுத்த வேண்டாம் என்கிறேன். ஆனால் வாரத்தில் இரண்டு வகுப்பும் தினமும் வீட்டுப் பயிற்சியும் சாஸ்திரிய இசையிலேயே நடக்கட்டும், அதில் உங்களோடு எனக்கு முழுச் சம்மதம். தாவித் தாவிக் கற்றால் எதுவும் நிற்காது.

கோவை_தந்தி எழுதியது:

ஐயா, தூரன் அவர்கள் நாட்டுப்பாடல் தொகுத்தது எனக்குப் புதிய செய்தி. கிராமிய இசைக்குப் பாட முறை எழுதப்பட வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் உறுதியாக இருக்கிறேன். தறி அண்ணா, உடுக்கை அடவுகளை யாராவது வரிசைப்படுத்தி எழுதினால் முதல் ஆளாக வந்து கற்கிறேன்.

சென்னிமலை_தறி எழுதியது:

வாங்க, எழுதவே உட்கார்ந்துவிடலாம். எனக்குத் தெரிந்த உடுக்கைக்காரர்களிடம் கேட்டு ஒலிப்பதிவோடு தனி இழை ஒன்று போடுகிறேன்.

பெருந்துறை_மல்லிகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. தம்புராச் செயலி இறக்கிவிட்டோம். காலையில் அவள் 'ச' நீட்டும்போது நானும் பக்கத்தில் உட்காருகிறேன். உரசல் போய்ச் சேருவது எனக்கே கேட்கிறது. கீபோர்டு வேண்டாம் என்று வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார்.

வாத்தியம் பற்றித்தான் இன்னும் தெளிவில்லை. எந்த வயதில் எதைத் தொடலாம்? அரசு வகுப்புகள் இருக்கிறதா? மாமனார் தவில்தான் வேண்டும் என்கிறார், பெண் பிள்ளைக்கு ஆகுமா என்று உறவில் சிலர் கேட்கிறார்கள்.

கோபி_சீவாளி எழுதியது:

ஆகும்ங்க அக்கா, தாராளமாக ஆகும். தவில் வாசிக்கும் பெண்களும் நாதஸ்வரம் வாசிக்கும் பெண்களும் மேடையில் இருக்கிறார்கள். கனம் ஒன்றுதான் சிரமம். எட்டு வயதுக்குத் தவிலைத் தோளில் மாட்ட முடியாது. முதலில் வாயால் சொற்கட்டும், கைத்தாளமும், அப்புறம் மரப்பலகையில் குச்சி அடித்துப் பழகுவதும்தான் எங்கள் வீட்டு முறை. நாதஸ்வரத்துக்கு நுரையீரல் கொஞ்சம் வலுவாக வேண்டும்.

ஈரோட்டிலும் கரூரிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை மூன்று வருடப் படிப்பு. அதற்குக் குழந்தை இன்னும் வளர வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரியுங்கள். பெரிய படிப்பு என்றால் கோவையில் அரசு இசைக் கல்லூரி.

கொடுமுடி_வாசகர் எழுதியது:

வயலின் சின்ன அளவிலும் கிடைக்கும், எட்டு வயதில் தொடங்கலாம். நம் முறையில் ச ப ச ப என்று தந்தி சேர்த்து, தரையில் அமர்ந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் தாங்கி வாசிப்பது. பாடும் குரலோடு அதிகம் ஒட்டிப்போகும் வாத்தியம் அது. புல்லாங்குழலுக்கு விரல் நீளம் எட்ட வேண்டும். வீணைக்கு மடியும் கையும் எட்ட வேண்டும், பத்துப் பன்னிரண்டு வயதில் பார்க்கலாம். கஞ்சிரா வாங்கினால் ஆட்டுத்தோலிலோ செயற்கைத் தோலிலோ வாங்குங்கள். முன்பு அது உடும்புத் தோலில் செய்தது, உடும்பு இப்போது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

எதை எடுத்தாலும் வாய்ப்பாட்டை நிறுத்தாதீர்கள். வாயில் வராதது விரலில் வராது. மாமனாருக்குத் தவில் மீது ஆசை என்றால், மகளை இந்த வாரம் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். 'தகிட தகதிமி' என்று சொல்லிக்கொண்டே நடக்கட்டும். 'தகிட' மூன்று, 'தகதிமி' நான்கு, இரண்டும் சேர்ந்து ஏழு. இதுதான் மிஸ்ரசாபு. ஒவ்வொரு 'த'விலும் ஒரு கைத்தட்டு. தாத்தாவும் கூடத் தட்டட்டும். பிசகாமல் வந்தால் எழுதுங்கள், அடுத்து ஐந்தில் வரும் கண்டசாபு சொல்கிறேன்.

பெருந்துறை_மல்லிகை எழுதியது:

இப்போதே தொடங்கிவிட்டார்கள் ஐயா. கூடத்தில் இரண்டு பேரும் நடக்கிறார்கள். மாமனார் நான்காவது சுற்றில் விட்டுவிடுகிறார், அவள் பிடித்துக் கொடுக்கிறாள். ஒரு சந்தேகம்: வள்ளி கும்மியில் தட்டுவது இந்த ஏழா?

சென்னிமலை_தறி எழுதியது:

இல்லீங்க, கும்மி பெரும்பாலும் மூன்று மூன்றாக வரும், திஸ்ர நடை. 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே குனிந்து தட்டி நிமிரச் சொல்லுங்கள், சரியாக விழும். எங்கள் ஊர்க் குழு பழகும்போது எடுத்த ஒலிப்பதிவை இரவு இங்கேயே போடுகிறேன்.